‘நேரில் பார்த்து எடுத்தது: ஆம்’

புதுக் கட்டடம் திறப்பதையொட்டி எங்கள் ஆய்வகம் ஒரு மலர் வெளியிடுகிறது. மலர்ப் பொறுப்பாளர் கிரிதர், நான் ஓய்வு பெற்ற ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர், போனில் அழைத்தார். “சார், ஒரு பக்கம் போதும். தேதியெல்லாம் வேணாம் சார், படிக்கிறவங்க தடுக்கி விழுந்துடுவாங்க. நம்ம லேப் ஒரு தப்பு ரிப்போர்ட்கூடக் குடுத்ததில்லைன்னு ஒரு வரி வந்தா நல்லாயிருக்கும்.”

பதினோரு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். இருந்தாலும் தேதிகளை எடுத்துவிட்டேன். கிழமைகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அவையும் இல்லாமல் எனக்கு நடக்க வராது. கிரிதர் கேட்ட அந்த ஒரு வரியைத்தான் எழுத முடியவில்லை. தப்பு ரிப்போர்ட் ஒன்று கொடுத்திருக்கிறோம். அதற்கு வேண்டிய சரக்கை வாங்கி வந்தவன் நான்.

புதுக் கட்டடத்தில் வரப்போகும் இயந்திரம் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, உலகத்துக் கணினிகளையெல்லாம் கேட்டு, இது இன்ன விலங்கு என்று சொல்லிவிடுமாம். எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு குளிர்பெட்டிதான் இருந்தது. அதில் வெள்ளாடு, செம்மறி, பசு, எருமை, பன்றி, கோழி என்று எழுதி ஒட்டிய சிறு குழாய்கள். சந்தேகத்துக்குரிய கறி வந்தால் அதை இவற்றோடு ஒப்பிடுவோம். குழாயின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை.

திருப்பதியில் கோவில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் சன்னதியிலும் மடப்பள்ளியிலும் இருந்தார்கள். நான் விலங்கியல் படித்தேன். அதிலேயே குடும்பத்துக்குப் பாதி மனசு விட்டுப்போயிற்று. ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. ஹைதராபாத்தில் ஆறு வாரம் பயிற்சி. திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை: ஒரு துளி கறியிலிருந்து அது எந்த மிருகம் என்று சொல்வது. பிறந்ததிலிருந்து கறியின் வாசனை பட்டாலே எதிர்ப்பக்கம் போகிறவனுக்கு இந்த வித்தை வாய்த்ததில் பகவானுக்கு ஏதோ திட்டம் இருந்திருக்க வேண்டும். என்ன திட்டம் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

நாங்கள் பார்த்த மரபணுவின் பெயர் சைட்டோகுரோம் பி. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. உடம்புக்கு வேண்டிய சக்தியை மூச்சுக்காற்றின் உதவியால் தயாரிக்கும் இடம். அங்கே நொதிகள் ஒரு சங்கிலிபோல நின்று வேலை செய்கின்றன. அந்தச் சங்கிலியில் ஒரு நொதி. அந்த நொதியின் ஒரு பாகத்தைச் செய்வதற்கான குறிப்பு இந்த மரபணு. மூச்சு விடும் எல்லா மிருகத்திடமும் இது இருக்கும். ஆனால் ஒவ்வொரு இனத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். முக்கியமான இன்னொன்று: இது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தகப்பனுக்கு இதில் பங்கே கிடையாது. எங்கள் வீட்டில் ஏழு தலைமுறை தகப்பன் பெயரை ஒப்பிப்பார்கள். நான் சோறு தின்றது தாய்வழிக் கணக்கில்.

அந்த மரபணுவின் ஒரு துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன்பு மூன்று தொட்டி வெந்நீரை வைத்துக்கொண்டு கையால் செய்தோம். ஒன்று கொதிக்கும் சூடு, ஒன்று குளிக்கும் சூட்டைவிடச் சற்று அதிகம், ஒன்று நடுவில். குழாய்களை ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வொரு நிமிஷம் முக்கி எடுக்க வேண்டும். அப்படி முப்பது சுற்று. எத்தனையாவது சுற்று என்பதை மறந்தால் முதலிலிருந்து. பிறகு சந்தை திறந்தது, இறக்குமதி சுலபமாயிற்று, மரப்பெட்டியில் இயந்திரம் வந்தது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அதன் மூடியில் குங்குமம் வைத்தோம். தொட்டிகளை நான் தூக்கி எறியவில்லை. மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் சந்தை மட்டும் திறந்தால் போதாது.

பெருக்கிய துண்டை ஒரு நொதியை விட்டு வெட்டுவோம். வெள்ளாட்டின் துண்டு ஓரிடத்தில் வெட்டுப்படும், செம்மறியுடையது வேறிடத்தில், பசுவுடையது இன்னோரிடத்தில். வெட்டுப்பட்டவற்றை ஜெல் என்ற பாளத்தில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கின் மேல் வைத்தால் கோடு கோடாக ஒளிரும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கோடுகள் ஒரே உயரத்தில் இருந்தால் ஒரே மிருகம். அவ்வளவுதான். கோடு பார்க்கத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர்கள் அந்த ஆண்டுகளில் வரிசையாக அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். என் சித்தப்பா மகன்கூட அங்கே ஒரு கோவிலுக்கு அர்ச்சகராகப் போனான். ஊரில் மிஞ்சியவர்கள் நானும் மேடமும்.

மேடம் என்பது டாக்டர் சுலோசனா, ஆய்வகத் தலைவர். தெலுங்குக்காரர், சித்தூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்; என் பெயரோடு மட்டும் தெலுங்கு மரியாதையாக ஒரு ‘காரு’ சேர்ப்பார். அவரும் சைவம். ‘கறி’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை; ‘மெட்டீரியல்’ என்பார். எதைச் சொன்னாலும், “எந்தப் பக்கம்?” என்று கேட்பார். பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பக்க எண் இல்லாத உண்மையை அவர் ஏற்பதில்லை. வெளியே மழை பெய்கிறது என்று ஒருமுறை சொன்னேன், பழக்க தோஷத்தில் அதற்கும், “எந்தப் பக்கம்?” என்றார். ஜெல்லை நின்றுகொண்டுதான் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை. இரண்டு முறையும் ஒன்றாகத் தெரிந்தால் கையெழுத்து.

அவர் போட்ட ஒழுங்குதான் ஒப்பீட்டுப் பதிவேடு. குளிர்பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரி. மிருகம், இடம், எடுத்தவர், கையெழுத்து. கடைசிப் பத்தி: ‘நேரில் பார்த்து எடுத்தது: ஆம் / இல்லை.’

ஆய்வகத்தில் ஐந்து பேர். அதில் கறி சாப்பிடுகிறவர் எங்கள் அட்டெண்டர் ஓபுலேசு ஒருவர்தான். மாதிரி வாங்கும் வேலை அவருடையது. வெள்ளாட்டு மாதிரி வாங்க வேண்டிய சமயம் கார்த்திகை மாசம். அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். “நானு அந்தத் தெருப்பக்கமே போகக்கூடாது சாமி. நீங்க போய்ட்டு வாங்க” என்றார். மாலை போடாததால் நான் போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

போனேன். வியாழக்கிழமை, காலை ஒன்பதேகால். நெற்றியில் திருமண், கையில் ஐஸ் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. கடைக்குப் பத்தடி தள்ளி நின்றேன். வரிசையில் நின்றவர்கள் விலகி எனக்கு வழி விட்டார்கள். மரியாதையா பயமா தெரியவில்லை. “வெள்ளாடு, நூறு கிராம்” என்று சொல்லி, டப்பாவைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சுவரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி விளம்பரம் இருந்தது. டப்பா திரும்பி வரும்வரை அதை நாலு தரம் படித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, “கொல்லப் பக்கமா வந்து குளிச்சுட்டு உள்ள வாங்கோ” என்றாள்.

மறுநாள் பதிவேட்டில் எழுதினேன். மிருகம்: வெள்ளாடு. நேரில் பார்த்து எடுத்தது: ஆம். கடைக்கு நேரில் போனது நிஜம்தானே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதிரி நன்றாகவே உழைத்தது. ஒரு விடுதி மாணவர்கள், தங்களுக்குப் போடுவது வெள்ளாட்டுக் கறியே இல்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுதியின் கறி எங்களிடம் வந்தது. எங்கள் வெள்ளாட்டோடு கோட்டுக்குக் கோடு பொருந்தியது. வார்டன் எங்கள் ரிப்போர்ட்டைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டினார். பங்குனியில் ஆட்டுப் பண்ணை டாக்டர் ஒருவர் செம்மறியின் ரத்தம் அனுப்பினார். ஓட்டிப் பார்த்தால் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒரே கோடு. மேடம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். “ரெண்டும் கிட்டத்துச் சொந்தம், சாரங்கபாணி காரு. இந்த என்சைமுக்கு வித்தியாசம் தெரியலை” என்றார். அதையும் பக்க எண் போட்டு எழுதிவைத்தோம். மாமிசம் சாப்பிடும் யாராவது ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் அன்றைக்கே சிரித்திருப்பார்.

ஆடி மாதம் வந்தது அந்த வழக்கு. விஜயபுரம் பக்கத்து ஊர்க்காரர் ஏகாம்பரம். கூலி வேலையும் கொஞ்சம் குத்தகை வேர்க்கடலையும். டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர். குவைத்துக்கு டிரைவர் விசா வந்திருந்தது. கிளம்புமுன் ஊர் அம்மனுக்கு வேண்டுதல் கிடாய் வெட்டி, பங்குக் கறியை அக்கா வீட்டுக்கு டிபன் கேரியரில் கொண்டுபோனார். மலையடிவாரச் சாலையில் வனத்துறைச் சோதனை. பையில் கறி; கூடவே வண்டிக்கு வாங்கிய கிளட்ச் கம்பி ஒரு சுருள். கறியும் கம்பியும் சேர்ந்தால் மானுக்கு வைத்த கண்ணி என்று அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஏகாம்பரத்துக்கு ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட் கோர்ட்டில் தங்கிற்று. கறி எங்களிடம் வந்தது.

ஓட்டினோம். எங்கள் வெள்ளாட்டோடு பொருந்தவில்லை. செம்மறி, பசு, எருமை, எதோடும் பொருந்தவில்லை. மான் மாதிரி எங்களிடம் இல்லை. அதற்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதம் எங்கோ ஒரு மேஜையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. மேடம் ரிப்போர்ட் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசி வாக்கியம் இது: ‘மேற்படி மெட்டீரியல் காட்டு விலங்கினுடையதாக இருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது.’ மூன்று முறை திருத்தி எழுதிய வாக்கியம். இன்னது என்று அது எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனை ஊரிலேயே உட்கார வைக்க அது போதும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏகாம்பரத்தின் மனைவி தேசம்மா வந்தார். முப்பது வயசு இருக்கும். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

“சாமி, மானுன்னு எழுதினது யாரு? நீயா?”

“மான்னு எழுதலைம்மா. மானா இருக்கலாம்ங்கிறதை மறுக்க முடியாதுன்னு...”

“அதான் சாமி, அத்தத்தான் கேக்கறேன். எங்கூட்டு ஆடு அது. நாந்தான் வளத்தேன். ஊரே துன்னுச்சு. ஒருத்தன்கூட மானுன்னு சொல்லலியே.”

“அதோட தோல், தலை ஏதாவது...”

“தலை பூசாரிக்கு. தோலை அன்னிக்கே வியாபாரி எட்த்துக்கினு பூட்டான். விசாவுக்கு இன்னும் இருவத்திரண்டு நாளுதான் கீது சாமி. அதுக்குள்ள பாஸ்போட்டு வரலன்னா ஏஜெண்ட்டு வேற ஆள ஏத்திடுவான். குத்தகை நெலத்த உட்டுட்டோம். இப்ப எந்தப் பக்கமும் இல்லாம நிக்கறோம்.”

குளிர்பெட்டியைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். “செத்த ஆட்ட வெச்சுக்கினு இன்னாமோ பாக்கறீங்களே, அதோட தாயி உசுரோட கீது. என் வூட்ல கட்டியிருக்கு. அத்தப் பாத்தா தெரியாதா?”

முப்பது சுற்று வெந்நீரில் முக்கி முக்கி நான் படித்த பாடத்தை அந்தம்மாள் நின்ற நிலையில் சொன்னார். இந்த மரபணு தாயிடமிருந்து மாறாமல் வருவது. தாயைப் பார்த்தால் பிள்ளையைப் பார்த்த மாதிரி.

“தாய் போதும்மா” என்றேன். “தகப்பன் தேவையில்லை.”

“நல்லதாப் போச்சு. அது எவன்னு எனக்கே தெரியாது. ஊர்க் கிடாய்” என்றார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஆட்டோடு வந்துவிட்டார். விஜயபுரத்திலிருந்து புத்தூர், அங்கே மாறித் திருப்பதி. பஸ்ஸில் கண்டக்டர் ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டு, அதன் பின்னால் தெலுங்கில் ‘மேக – 1’ என்று எழுதியிருந்தார். வெள்ளாடு ஒன்று என்று பொருள். எங்கள் ஆய்வகம் எட்டு மாதமாகக் கண்டுபிடிக்காததை அவர் ஓடும் பஸ்ஸில் எழுதியிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆடு வராந்தாவில் நின்று அறிவிப்புப் பலகையில் தொங்கிய சுற்றறிக்கை ஒன்றைக் கீழ்ப்பக்கத்திலிருந்து படித்து முடித்தது. “ஆடுகளுக்கு அடையாளத்துக்குக் காதுல வெட்டுவோம் சாமி, அதே மாரி கொஞ்சம் எட்த்துக்கோ” என்று தேசம்மா என்னிடம் பிளேடு கேட்டு வாங்கி, காதோரத்தில் நெல்மணி அளவு துண்டை நறுக்கிக் குழாயில் போட்டார். நான் இந்த முறை திரும்பவில்லை. பதிவேட்டில் எழுதினேன்.

அன்றைக்கே அரைத்தேன், கரைத்தேன். சாராயத்தில் வெள்ளை நூலாகச் சுருண்டு வந்த டி.என்.ஏ.வைக் கம்பியில் எடுத்துக் கழுவினேன். வெள்ளியும் சனியும் மின்சாரம் சதி செய்தது. இரண்டாம் தடவை இயந்திரம் நின்றதும் பழைய தொட்டிகளை எடுத்து, ஸ்டவ் ஏற்றி, முப்பது சுற்றும் கையால் முக்கினேன். திங்கட்கிழமை நாலரைக்கு ஜெல் தயார். விசாவுக்குப் பதினாறு நாள்.

தாயாட்டின் கோடும் டிபன் கேரியர்க் கறியின் கோடும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம். எங்கள் வெள்ளாடு தனியே, செம்மறியோடு சேர்ந்து நின்றது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். அப்படி மூன்றாவது தடவை நான் பார்த்ததில்லை.

“தாய்க்கும் பிள்ளைக்கும் ஒண்ணு. அது சரி” என்றார். “ரெண்டும் நம்ம வெள்ளாட்டோட சேரலை. அப்படீன்னா அந்தம்மா கொண்டு வந்தது வெள்ளாடு இல்லை.”

“மேடம், நம்ம வராந்தாவில நின்னுது. கத்திச்சு.”

“கத்தறது டேட்டா இல்லை, சாரங்கபாணி காரு.”

“கொம்பு இருந்தது. தாடி இருந்தது.”

“எந்தப் பக்கம்?”

அந்தக் கேள்விக்கு முதல் தடவையாக என்னிடம் பதில் இருந்தது. பதிவேட்டைத் திறந்து, கார்த்திகை மாதத்து வரியைக் காட்டினேன். “இந்தப் பக்கம், மேடம். கடைசிப் பத்தி. நான் மிருகத்தைப் பார்க்கவில்லை. வெட்டினதையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.”

அந்த ஆண்டுதான் என் பதவி உயர்வுக் காகிதம் மேடம் மேஜையில் இருந்தது. சொல்லும்போது அது ஞாபகம் வந்தது. சொன்ன பிறகு இன்னும் நன்றாக ஞாபகம் வந்தது.

மேடம் உட்கார்ந்தார். பதிவேட்டை மூடிவிட்டு, “கடைக்குப் போங்க. போய்ப் பாருங்க” என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை தேசம்மா விசாரிக்க வந்திருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்குப் பத்தடி இருக்கும்போதே அவர் நின்று, தொங்குவதைப் பார்த்துச் சிரித்தார்.

“இத்தயா வெள்ளாடுன்னு வாங்கினே? இது செம்மறி சாமி. கொழுப்பு நெய்யி எப்டி வெள்ளையாப் போத்திக்கினு கீது பாரு.” பிறகு கடைக்காரரிடம், “ஏம்பா, வாலு எங்க? வாலுல ரோமத்தோட உட்டுத் தொங்கவுட்டாத்தான இன்னா ஆடுன்னு வாங்கறவன் பாப்பான்? வால அறுத்துட்டு இன்னாத்த விக்கறே?”

கடைக்காரர் அவரைவிட்டு என்னைப் பார்த்தார். “சாமியா! மறப்பேனா? நாமத்தோட என் கடைக்கு வந்தவரு இன்னிவரைக்கும் ஒருத்தருதான்.”

“வெள்ளாடுன்னுதானே கேட்டேன்?”

“கேட்டீங்க. அன்னிக்கு வெள்ளாடு தீந்துபோச்சு. சொல்லலாம்னு பாத்தா நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கினு நிக்கறீங்க. கூப்டா பாவமேன்னு உட்டுட்டேன். நாய்க்கு வாங்கறாருன்னு நெனச்சேன் சாமி. நாயி இன்னா, வெள்ளாடா செம்மறியான்னு கேக்கவா போவுது?”

தேசம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். “நாயி கேக்கல. கோர்ட்டு கேட்டுக்கினு கீது” என்றார்.

நடந்ததை மேடமிடம் அப்படியே சொன்னேன். நாய் உட்பட. அவர் அன்றைக்கே மூன்று காரியம் செய்தார். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். பதவி உயர்வுக் காகிதத்தை இழுப்பறைக்குள் வைத்தார். அது மூன்று ஆண்டு கழித்து வெளியே வந்தது. மூன்றாவதாக, தேசம்மாவின் ஆடு வழக்கில் சம்பந்தப்பட்ட ஆடு, அதையே ஆதாரமாக வைக்க முடியாது என்று சொல்லி, மூன்று வெவ்வேறு ஊரிலிருந்து மூன்று வெள்ளாட்டு மாதிரி எடுத்து வரும்படி என்னை அனுப்பினார். “நேர்ல பாத்து” என்றார். புதன்கிழமை மூன்று இடத்திலும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன். ஒன்றில் ஆடு என்னைத் திரும்பிப் பார்த்தது. அதைப் பற்றி நாட்குறிப்பில் எதுவும் எழுதவில்லை.

சனிக்கிழமை நாலு ஆடும் டிபன் கேரியரும் ஒரே உயரத்தில் நின்றன. திங்கட்கிழமை திருத்த ரிப்போர்ட். நாலு பக்கம். ‘புதிதாகப் பெறப்பட்ட ஒப்பீட்டு மெட்டீரியலின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்ததில்’ என்று தொடங்கிற்று. ‘தவறு’ என்ற சொல் அதில் இல்லை. சேர்க்கலாமே என்றேன். “சாரங்கபாணி காரு, அது மெமோல இருக்கு” என்றார்.

வியாழக்கிழமை கோர்ட். விசாவுக்கு ஆறு நாள். மேடம் கூண்டில் ஏறி ரிப்போர்ட்டைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி நிறுத்தினார். “அம்மா, ஒரே ஒரு கேள்வி. அது வெள்ளாடா, இல்லையா?”

மேடம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஏகாம்பரத்தைப் பார்த்தார். நான் அவரிடம் வேலை பார்த்த இத்தனை ஆண்டில் நிபந்தனை இல்லாமல், பக்க எண் இல்லாமல் அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

“வெள்ளாடுதான் சார். தப்பு எங்களுது.”

வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வந்தது. திங்கட்கிழமை, இரண்டு நாள் மிச்சம் இருக்க, ஏகாம்பரம் மெட்ராஸில் விமானம் ஏறினார். தேசம்மா ஆய்வகத்துக்கு ஒரு கூடை வேர்க்கடலை கொண்டு வந்தார். மேடம் ஒரு கை அள்ளிக்கொண்டார். ஆய்வகத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு பொருளைச் சந்தேகமில்லாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

விடுதியில் மாட்டிய சட்டத்தை இறக்கச் சொல்லி வார்டனுக்கு எழுதினோம். மாணவர்கள் சொன்னது சரி, அது செம்மறிதான் என்று தெரிவித்தோம். அதற்குள் அந்த மாணவர்களில் பாதிப்பேர் படிப்பு முடிந்து வேலைக்குப் பெங்களூர் போயிருந்தார்கள்.

இத்தோடு முடித்திருந்தால் கிரிதரின் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம்தான் கூட. ஆனால் மறு வருஷம் மார்கழியில் தேசம்மா மறுபடி வந்தார். மலைக்கு வேண்டுதல் முடித்து, மொட்டைத் தலையோடு நேராக ஆய்வகத்துக்கு. மேடமும் அப்போது என் மேஜைப் பக்கம் நின்றிருந்தார்.

“எப்படி இருக்கார்? வண்டி ஓட்டறாரா?” என்று கேட்டேன்.

“வண்டியா? எங்க சாமி வண்டி? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடறாரு. போய் எறங்கின அன்னிக்கே பாலைவனத்துல கூட்டிக்கினு போய் உட்டுட்டானாம். ஆடு மேய்க்கறாரு.”

மேடம் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார்.

“அத்தினியும் செம்மறி சாமி. பாலுக்குன்னு ஒரே ஒரு வெள்ளாடு கீதாம். தமிழ் பேச ஆளு இல்ல, அந்த ஒண்ணு கிட்டத்தான் பேசிக்கினு கீறேன்றாரு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வித்தியாசம் தெரியுமான்னு அரபி கேட்டானாம். இவரு சிரிச்சிட்டாராம். எதுக்குச் சிரிக்கறேன்னு அவன் அடிக்க வந்துட்டானாம்.” சொல்லும்போது தேசம்மாவும் சிரித்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “மேடத்தாண்ட சொல்லச் சொன்னாரு. ‘நானு காட்ல வேட்டையும் ஆடல, இங்க வண்டியும் ஓட்டல. ஆனா பேப்பர்ல ரெண்டும் கீது’ன்னாரு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“விசாவில டிரைவர்னுதானே இருந்தது?”

“ஆமாம்மா. ஸ்டாம்பு போட்டு கீது.”

மேடம் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பதில் தெரியும் என்று தெரிந்தே கேட்டார்.

“அந்த வண்டியை யாராவது நேர்ல பாத்தாங்களா, சாரங்கபாணி காரு?”